சட்டைப் பாக்கெட்ல ரேம் போட்டவன் ரியாத்ல பட்ட பாடு

2008-ல ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சின்ன கடைல சிஸ்டம் அசெம்பிள் பண்ற வேலைக்கு சேர்ந்தப்போ, எனக்கு அங்க கிடைச்ச முதல் பாடமே ரேம சட்டைப் பாக்கெட்ல எப்படி வைக்கிறதுங்கிறது தான். ஜோக் அடிக்கல. வாலர்ஸ் ரோடு பக்கம் மொத்தக் கடைல நாலு ரேம் வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பாக்கெட்ல சொருகிட்டு, நரசிங்கபுரம் தெருக் கூட்டத்துல தோள இடிச்சுக்கிட்டு நடந்து வந்து அப்படியே மதர்போர்டுல மாட்டுவோம். கவராவது ஒண்ணாவது. உடம்புல ஏறுற ஸ்டாட்டிக் கரண்ட் சிப்ப அடிச்சுடாம இருக்க மணிக்கட்டுல கட்டுற ரிஸ்ட் ஸ்ட்ராப்னு ஒண்ணு இருக்குன்னு தெரியும், மதர்போர்டு கூட வர்ற மேனுவல்ல முதல் பக்கத்துல படம் போட்டிருப்பான், ஆனா அத கட்டுன ஆள நான் அந்தத் தெருவுல பாத்ததே இல்ல. யாராவது புதுப் பையன் கேட்டா ஓனர் அண்ணன் "அதெல்லாம் ஃபாரின்காரனுக்குடா"ன்னுடுவாரு.

அவரு சொன்னது ஒரு விதத்துல கரெக்ட்னு அப்புறம் தான் புரிஞ்சுது, ஆனா அவரு நெனச்ச காரணம் வேற, உண்மையான காரணம் வேற. நாங்க ஏதோ கைத்திறமைல தப்பிக்கிறோம்னு நெனச்சோம். எங்கள காப்பாத்துனது சென்னையோட புழுக்கம். காத்துல அவ்ளோ ஈரம் இருந்தா எல்லா பொருள் மேலயும் கண்ணுக்குத் தெரியாம ஒரு ஈரப் படலம் ஒட்டிக்கும், உடம்புல ஏறுற ஸ்டாட்டிக் சார்ஜ் அது வழியா அப்பப்ப வடிஞ்சு போயிடும். ஃபேன் மட்டும் ஓடுற கடை, வேர்வைல நனைஞ்ச காட்டன் சட்டை, காலுக்குக் கீழ சிமெண்ட் தரை, காசு குடுக்காம இதுக்கு மேல பாதுகாப்பு எங்க கிடைக்கும். அப்பவும் மாசத்துக்கு ரெண்டு மூணு ரேமும் போர்டும் "கம்பெனி டிஃபெக்ட்"னு வாரண்டில திரும்பப் போகும், அதுல எத்தன எங்க கை வேலைன்னு இப்ப யோசிச்சா கொஞ்சம் வெக்கமா தான் இருக்கு.

2013 கடைசில ரியாத் போனேன், ஒரு ஆபீஸ்ல ஐடி சப்போர்ட். போன முதல் வாரமே கார் கதவு ஷாக் அடிச்சுது. அப்புறம் லிஃப்ட் பட்டன், அப்புறம் பாத்ரூம் குழாய், அப்புறம் பக்கத்து சீட்காரருக்கு கை குடுத்தா அவருக்கும் சேத்து. அங்க ரொம்ப நாளா இருக்கிறவங்க லிஃப்ட் பட்டன விரலால தொடவே மாட்டாங்க, சாவிய வச்சு அமுக்குவாங்க. முதல்ல ஏதோ சுத்தம் பாக்குறாங்கன்னு நெனச்சேன், பாத்தா பொறி சாவி நுனில விழுந்துட்டா விரல்ல வலிக்காதாம். பத்தா மார்க்கெட்ல புலி படம் போட்ட கனமான போர்வை ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், வளைகுடால இருந்தவங்க வீட்ல எல்லாம் அந்தப் போர்வை ஒண்ணு இருக்கும், ராத்திரி லைட்ட அணைச்சுட்டு அத உதறுனா நீல நீலமா பொறி பறக்கும், சடசடன்னு சத்தம் வேற. முதல் நாள் பயந்துட்டேன், அடுத்த நாள்லேர்ந்து ரூம்ல இருக்கிற பசங்களுக்கு அது தான் தீபாவளி.

இவ்ளோத்தையும் பாத்துட்டு, இதே கை தான் நாளைக்கு சர்வர தொடப் போகுதுன்னு எனக்கு உறைக்கல பாருங்க, அது தான் ஆச்சரியம்.

2014 ஜனவரி, ஒரு வியாழக்கிழமை ராத்திரி. அங்க வெள்ளி சனி லீவு, அதனால சர்வர நிறுத்தி செய்யுற வேலை எல்லாம் வியாழன் ராத்திரி தான். ஒரு சர்வர்ல எட்டு ரேம் ஏத்தணும், ஒவ்வொண்ணும் 16 ஜிபி. சர்வர் ரூம் குளிரும், இடமும் நெருக்கடி, அதனால சர்வர கழட்டி வெளில ஆபீஸ் டேபிள் மேல கொண்டு வந்து வச்சேன். கீழ முழுக்க கார்பெட். ஹீட்டர் ஓடுது. சுவத்துல மாட்டிருந்த மீட்டர்ல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ. வேலை சீக்கிரம் முடியட்டும்னு எட்டு ரேமையும் முதல்லயே சில்வர் கவர்லேர்ந்து உருவி, பக்கத்துல கிடந்த தெர்மாகோல் பாக்கிங் மேல வரிசையா அடுக்கி வச்சேன், பாக்க அழகா தான் இருந்துச்சு. நடுவுல புழுக்கமா இருக்குன்னு ஸ்வெட்டர கழட்டுனேன், தலை வழியா இழுக்குறப்போ சடசடன்னு சத்தம், முடி எல்லாம் நட்டுக்கிட்டு நின்னுச்சு. அதே கையோட போய் ரேம எடுத்து ஒவ்வொண்ணா மாட்டுனேன்.

ஷாக் எதுவும் அடிக்கல, பொறியும் இல்ல, ஒரு 'டிக்' சத்தம் கூட எனக்குக் கேக்கல. பவர் போட்டா ஏழு தான் காட்டுது. கழட்டி வேற ஸ்லாட்ல போட்டுப் பாத்தேன், தேய்ச்சுப் பாத்தேன், ஊதிப் பாத்தேன், அது செத்தாச்சு. சரி, ஒண்ணு டிஃபெக்ட்டா வந்துருக்கு, ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்னு போய் தூங்கிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு, சர்வர் தானா எழுதி வைக்கிற லாக்ல ஒரு ரேம் பேரச் சொல்லி மெமரி எரர் வர ஆரம்பிச்சுது. சர்வர் ரேம்ல சின்னத் தப்புகள அதுவே திருத்திக்கிற வசதி இருக்கும், அதனால யாரும் கண்டுக்கல, நானும் தான். ஒரு திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு, சம்பளம் போடுற சாஃப்ட்வேர் ஓடிட்டு இருந்த நேரம், மானிட்டர்ல கத்திரிப்பூ கலர்ல ஸ்கிரீன். அந்த சர்வர் மேல ஓடிட்டு இருந்த பன்னெண்டு விர்ச்சுவல் மெஷினும் ஒண்ணா விழுந்துச்சு. மேனேஜர் என் சீட்டுக்குப் பின்னாடி வந்து நின்ன அந்த நாப்பது நிமிஷத்த நான் இன்னும் மறக்கல.

எங்க டீம்ல பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தர் இருந்தாரு, எல்லாரும் 'குயா'ன்னு தான் கூப்பிடுவோம், அவங்க பாஷைல அண்ணன்னு அர்த்தம். ஐடிக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்க ஊர்ல லகூனா பக்கம் சிப் பாக்கிங் பண்ற ஃபேக்டரில பல வருஷம் லைன்ல வேலை பாத்தவர். செத்த ரேம கைல வாங்கிட்டு அவரு என்கிட்ட கேட்ட முதல் கேள்வி "என்ன பண்ணே"ங்கிறது இல்ல, "மாட்டுறதுக்கு முன்னாடி இத எங்க வச்சிருந்தே"ங்கிறது தான். தெர்மாகோல்னு சொன்னேன். ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டாரு.

அவரு சொன்னது தான் எனக்கு மண்டைல ஏறுன உண்மையான முதல் பாடம். மனுஷனுக்கு ஷாக் அடிச்ச மாதிரி தெரியணும்னா உடம்புல ஏறக்குறைய 3,000 வோல்ட்டாவது இருக்கணும். அதுக்குக் கீழ எவ்ளோ இருந்தாலும் நமக்குத் தெரியாது. ஆனா பாதுகாப்பு இல்லாத சில சிப்புக்கு 100 வோல்ட்டே அதிகம். அதாவது நமக்கு ஒண்ணுமே தெரியாத இடத்துல தான் கொலையே நடக்குது. வறண்ட காத்துல, ஈரப்பதம் 10-20 சதவீதம் இருக்கிறப்போ, கார்பெட் மேல நடந்தா 35,000 வோல்ட் வரைக்கும் ஏறும்னு இந்தத் தொழில்ல ரொம்ப காலமா சுத்துற ஒரு பட்டியல் இருக்கு, அதே நடைய 65 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கிற இடத்துல நடந்தா 1,500 தான். சாதா பிளாஸ்டிக் கவர டேபிள்லேர்ந்து எடுத்தா வறட்சில 20,000, ஈரத்துல 1,200. இதப் படிச்சப்போ தான் ரிச்சி ஸ்ட்ரீட் ரகசியம் எனக்கு விளங்குச்சு.

35,000 வோல்ட்னா நாம ஏன் சாகலன்னு கேப்பீங்க. வோல்ட் அதிகம், சரக்கு கம்மி. நம்ம உடம்பு சார்ஜ சேத்து வைக்கிற ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட், 3,000 வோல்ட்டுக்கு சார்ஜ் ஆனாலும் அதுல இருக்கிற எனர்ஜி அரை மில்லி ஜூல் கூட வராது. நமக்கு அது எறும்புக் கடி. ஆனா சிப்புக்குள்ள டிரான்சிஸ்டர்ல இருக்கிற ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் தடிமன் தான், அந்த எறும்புக் கடி அதுல ஊசியால குத்துன மாதிரி ஓட்டை போட்டுட்டுப் போயிடும்.

ஓட்டை முழுசா விழுந்தா பரவால்ல, உடனே செத்துடும், தெரிஞ்சுடும். பாதி விழுந்தா தான் தலவலி. என்னோட ரெண்டாவது ரேம் மாதிரி நல்லா ஓடும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், சில வாரமோ மாசமோ கழிச்சு சூடாகி லோடு ஏறுறப்போ படுக்கும். குயாவோட ஃபேக்டரில இதுக்கு 'வாக்கிங் வூண்டட்'னு பேராம், குண்டடி பட்டும் நடந்துக்கிட்டே இருக்கிற சிப்பாய் மாதிரி. என் ரேம் ஸ்டாட்டிக்னால தான் செத்துச்சான்னு கேட்டா என்னால நிரூபிக்க முடியாது, சிப்ப உடைச்சு மைக்ராஸ்கோப்ல பாத்தா தான் சொல்ல முடியும், யாரு பாப்பா. இந்த நிரூபிக்க முடியாத சமாச்சாரத்துனால தான் நம்ம ஊர்ல ஸ்டாட்டிக்க யாரும் நம்ப மாட்டேங்குறாங்கன்னு நினைக்கிறேன். பழி எப்பவும் கம்பெனி மேல போயிடும்.

அடுத்த மாசமே எனக்கு குயா ஒரு ரிஸ்ட் ஸ்ட்ராப் வாங்கிக் குடுத்தாரு, கூடவே பாடமும். மணிக்கட்டுல தோல் மேல நேரா படணும், சட்டைக் கை மேல கட்டக் கூடாது, வாட்ச் மேலயும் கூடாது. கிளிப்ப பெயிண்ட் அடிக்காத வெறும் இரும்புல மாட்டணும், பெயிண்ட் மேல மாட்டுனா சும்மா அலங்காரம் தான். ரியாத் குளிர்ல தோல் வெடிச்சு வறண்டு போயிருக்கும், அப்ப ஸ்ட்ராப் கட்டியும் கான்டாக்ட் சரியா கிடைக்காது, லேசா தண்ணி தொட்டு தடவிக்கிட்டு கட்டச் சொல்வாரு. அந்த சுருள் வயருக்குள்ள ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அது ரொம்ப முக்கியம், சார்ஜ் மெதுவா வடியணும், அதே நேரம் தப்பித் தவறி நம்ம கை கரண்ட்ல பட்டா உடம்பு வழியா ஆம்பியர் பாயக் கூடாது. 230 வோல்ட்ட தொட்டாலும் 1 மெகா ஓம் வழியா 0.23 மில்லி ஆம்பியர் தான் போகும். அதனால புது ஸ்ட்ராப் வாங்குனா மல்டிமீட்டர எடுத்து, தோல்ல படுற தகட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவுல அளந்து பாருங்க. 1 மெகா ஓம் பக்கத்துல காட்டணும். ஓப்பன்னு காட்டுனா உள்ள அறுந்துருக்கு, பூஜ்யம் காட்டுனா ரெசிஸ்டரே இல்லாத டூப்ளிகேட், அது இன்னும் ஆபத்து, தூக்கிப் போட்டுடுங்க. வயரே இல்லாம கைல மாட்டுனா மட்டும் போதும்னு ஒரு ஸ்ட்ராப் ஆன்லைன்ல விக்கிறான், அதுக்கு கைல சாமி கயிறு கட்டிக்கலாம், புண்ணியமாவது கிடைக்கும்.

இன்னொண்ணு, எல்லாரும் எர்த் எர்த்னு மந்திரம் மாதிரி சொல்றோமே, உண்மையில முக்கியம் எர்த்தே கிடையாது, நீயும் நீ தொடப் போற பொருளும் ஒரே அளவு வோல்ட்டுல இருக்கணும், அவ்ளோ தான். ரெண்டும் சமமா இருந்தா பாயுறதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால சர்வரோட பவர் கார்ட உருவிட்டு, ஸ்ட்ராப்ப சர்வரோட இரும்புக் கூடு இருக்கே, சேஸிஸ், அதுலயே மாட்டுவோம். ரேம் இருக்கிற கவர முதல்ல அந்த சேஸிஸ் மேல வச்சு கையோட தொட்டுட்டு அப்புறம் தான் பிரிப்போம். ஒருத்தர் கைலேர்ந்து இன்னொருத்தர் வாங்குறப்போ முதல்ல ரெண்டு பேர் கையும் தொட்டுக்கணும், அதுக்கு அப்புறம் தான் ரேம் கை மாறணும். குயா இதுல ரொம்ப கறார். ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு ஆம்பளைங்க சர்வர் பக்கத்துல நின்னு அடிக்கடி கை குடுத்துக்கிட்டா பாக்குற செக்யூரிட்டி என்ன நெனப்பான், ஆனா அதுக்கு அப்புறம் நான் அங்க இருந்த அஞ்சு வருஷத்துல நாங்க மாட்டுன ஒரு ரேம் கூட திரும்பி வரல.

கவர் விஷயத்துல நம்மாளுங்க பண்ற குழப்பம் தனி. பிங்க் கலர்ல வர்றது வேற, சில்வர் கலர்ல வர்றது வேற. பிங்க் கவர் தானா சார்ஜ் உண்டாக்காது, அவ்ளோ தான் அதோட வேலை, வெளியிலேர்ந்து வர்ற அடிய அது தடுக்காது. சில்வர் கவருக்குள்ள மெல்லிசா ஒரு உலோகப் படலம் இருக்கும், அது தான் உள்ள இருக்கிற பொருளுக்குக் கவசம், அதுவும் வாய மூடுனா தான். ஓட்டை விழுந்தது, கசங்கி வெள்ளைக் கோடு விழுந்தது எல்லாம் கவசம் போச்சுன்னு அர்த்தம். எங்க கடைல பழைய சில்வர் கவர குப்பைல போடாம சேத்து வைக்கிறோம், ஆனா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு தான் திரும்ப யூஸ் பண்ணுவோம்.

2019-ல ஊருக்குத் திரும்பி சென்னைல சொந்தமா லேப்டாப் சர்வீஸ் கடை போட்டேன். இனிமே கவலை இல்ல, நம்ம ஊரு ஈரம் காப்பாத்தும்னு தான் வந்தேன். ஆனா நான் விட்டுட்டுப் போன கடை வேற, இப்ப போட்ட கடை வேற. இப்ப ஏசி. கதவு மூடி, நாள் பூரா ஏசி ஓடுனா உள்ள இருக்கிற ஈரத்த அது உறிஞ்சி பைப் வழியா வெளிய விட்டுடுது. சிமெண்ட் தரைக்கு பதில் வினைல் ஷீட், மர ஸ்டூலுக்கு பதில் ஸ்பான்ஞ்சு வச்ச சக்கர நாற்காலி, காட்டன் சட்டைக்கு பதில் லோகோ போட்ட பாலியஸ்டர் டி-ஷர்ட், அதுவும் நானே ஆசைப்பட்டு அடிச்சது. மொத்தத்துல காசு குடுத்து ஒரு குட்டி ரியாத்த கட்டி வச்சிருக்கேன். நாற்காலிலேர்ந்து எந்திரிச்சு ஸ்டீல் ரேக்க தொட்ட தம்பி 'ஆ'ன்னு கைய உதறுனப்போ தான் எனக்குப் பழைய ஞாபகம் வந்துச்சு.

உடனே ஸ்ட்ராப் வாங்கி, சார்ஜ் வடியுறதுக்கு டேபிள் மேட் வாங்கி, எல்லாத்தையும் பிளக் பாயிண்ட் எர்த்துல மாட்டலாம்னு போனா அங்க தான் பெரிய பூதம் கிளம்புச்சு. கடைல டெஸ்க்டாப் கேபினட்ட தொட்டா லேசா சுர்ருன்னு ஒரு கூச்சம் இருக்கும், செருப்பு போட்டா தெரியாது, வெறுங்காலோட நின்னா தெரியும். நம்ம வீடுகள்ல பாதிப் பேருக்கு இது பழக்கம், "கம்ப்யூட்டர்னா அப்படி தான் இருக்கும்"னு விட்டுருப்பாங்க. அப்படி எல்லாம் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ள ஃபில்டருக்காக பேஸ்லேர்ந்தும் (கரண்ட் வர்ற வயர்) நியூட்ரல்லேர்ந்தும் எர்த்துக்கு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பான், எர்த் இல்லேன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல கேபினட் மாட்டிக்கிட்டு சப்ளைல பாதி, 110-115 வோல்ட் பக்கம் தொங்கும். மீட்டர வச்சுப் பாத்தேன், என் கேபினட்ல 108. இப்ப நான் அதே எர்த் பின்னுல ஸ்ட்ராப்ப மாட்டியிருந்தா என் கையையும் மேட்டையும் சேத்து 108 வோல்ட் ஏசில தொங்க விட்டுட்டு, அதே கையால சிப்ப தொட்டிருப்பேன். பாதுகாப்புன்னு நெனச்சு பண்ற வேலை தான் சிப்புக்கு எமனாகும்.

சாக்கெட்ட திறந்து பாத்தா எர்த் பின்னுக்கு வயரே வரல. பழைய பில்டிங், ரெண்டு வயர் தான். வீட்டு ஓனர் கூட்டிட்டு வந்த எலக்ட்ரீஷியன் ரெண்டு நிமிஷத்துல சரி பண்றேன்னு நியூட்ரல்லேர்ந்து எர்த் பின்னுக்கு ஒரு சின்ன வயர லூப் போட வந்தாரு, நான் கைய பிடிச்சு நிறுத்துனேன். இத எங்க பாத்தாலும் நிறுத்துங்க. என்னிக்காவது நியூட்ரல் அறுந்தாலோ, யாராவது பேஸையும் நியூட்ரலையும் மாத்தி குடுத்தாலோ எல்லா கேபினட்டும் முழு 230-ல நிக்கும், ஆள் போயிடும். அப்புறம் வேற ஆள வச்சு பின்பக்கம் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, அங்கேர்ந்து தனி வயர் இழுத்துட்டு வந்தோம். எல்லாம் சேத்து ஒன்பதாயிரத்து சொச்சம் ஆச்சு, ஓனர் ஒரு பைசா தரல, போகட்டும். இப்ப பேஸ்-எர்த் அளந்தா பேஸ்-நியூட்ரல் அளவுக்கே காட்டுது, நியூட்ரல்-எர்த் ரெண்டு வோல்ட்டுக்குள்ள நிக்குது, கேபினட் கூச்சம் சுத்தமா போச்சு. மீட்டர்ல சரியா காட்டுறது மட்டும் வச்சு எர்த் நல்ல எர்த்னு சொல்லிட முடியாது தான், குழியோட ஓம் அளக்க தனி மெஷின் இருக்கு, ஆனா ஒண்ணுமே இல்லாத எர்த்த கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும்.

மேட் வாங்குறதுல நானும் ஏமாந்தேன். நீலக் கலர்ல, ஸ்க்ரூ போட்டு வைக்க குட்டிக் குட்டி பள்ளத்தோட ஒரு சிலிகான் மேட் எல்லா மொபைல் கடைலயும் கிடக்கும், அது சூடு தாங்குறதுக்கு, ஸ்டாட்டிக்குக்கு இல்ல. சிலிகான்ல சார்ஜ் நல்லாவே ஏறும். உண்மையான மேட்டுல எர்த் வயர் மாட்ட ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும், அது இல்லேன்னா வாங்காதீங்க. சால்டரிங் அயர்னும் அப்படி தான், ரெண்டு பின் வச்ச சாதா அயர்னோட நுனில லீக்கேஜ் இருக்கும், சிப் வேலைக்கு மூணு பின் ஸ்டேஷன் தான், அதுவும் எர்த் இருக்கிற சாக்கெட்ல.

ஸ்ட்ராப் கட்டியே ஆகக் கூடாத இடமும் ஒண்ணு இருக்கு. கரண்ட்ல இருக்கிற எஸ்எம்பிஎஸ், இன்வெர்ட்டர் போர்டு எல்லாம் திறந்து நோண்டுறப்போ கழட்டி வச்சிடுங்க, உள்ள கெப்பாசிட்டர்ல 320 வோல்ட் டிசி உக்காந்துருக்கும், அந்த நேரம் உங்க கை எர்த்துல கட்டிப் போட்டிருக்கக் கூடாது.

எர்த்தே பண்ண முடியாத பொருள்னு ஒரு கும்பல் இருக்கு, தெர்மாகோல், செல்லோ டேப், பபிள் ஷீட், பிளாஸ்டிக் டம்ளர். இதுல எல்லாம் சார்ஜ் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், வயர் மாட்டுனாலும் இறங்காது. ஃபேக்டரில அயனைசர் ஃபேன்னு வச்சு ஊதி அத சரி பண்ணுவாங்க, நம்ம கடைக்கு அது கட்டுப்படியாகாது, அதனால டேபிள்லேர்ந்து ஒரு அடியாவது தள்ளி வைக்கிறது தான் வழி. டேப்ப சர்ருன்னு உரிக்கிறப்போ ஆயிரக்கணக்குல வோல்ட் கிளம்பும். புது டிஸ்ப்ளே மேல ஒட்டி வர்ற பிளாஸ்டிக் தாள ஸ்டைலா ஒரே இழுப்புல உரிக்கிற பசங்கள பாத்திருப்பீங்க, நான் தம்பிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஓரத்துலேர்ந்து மெதுவா, பாட்டி பனங்கிழங்கு தோல் உரிக்கிற மாதிரி உரிடான்னு.

ரேம் பின்ன பென்சில் ரப்பர் வச்சு தேய்க்கிறது நம்ம ஊரு தேசிய வழக்கம், நானும் ஆயிரம் தடவ பண்ணியிருக்கேன், பாதி நேரம் சிஸ்டம் ஆன் ஆகிடும், அதனால யாரும் விட மாட்டாங்க. ஆனா தேய்க்கிறதே சார்ஜ் உண்டாக்குற வேலை, போதாததுக்கு தங்க முலாமும் தேயும், ரப்பர் தூளு ஸ்லாட்டுக்குள்ள போய் உக்காரும். ஐபிஏ லிக்விட் (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்டு பஞ்சு வராத துணியால ஒரு துடை, அதே ரிசல்ட். வீட்ல வேக்கும் கிளீனர வச்சு போர்டு மேல தூசி உறிஞ்சாதீங்க, தூசி உரசி உரசி அந்த பிளாஸ்டிக் மூக்குல நல்லா சார்ஜ் ஏறும். பிரஷ் போதும், அதுவும் நைலான் வேணாம்.

வீட்ல ஒரு ரேமோ எஸ்எஸ்டியோ மாத்தணும், ஸ்ட்ராப் எல்லாம் வாங்க முடியாதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. வாங்க வேணாம். கட்டில் மெத்தை மேல உக்காந்து பண்ணாதீங்க, அவ்ளோ தான் என் முதல் கோரிக்கை. மொசைக் தரையோ சிமெண்ட் தரையோ, வெறுங்கால், காட்டன் சட்டை, ஏசிய ஒரு அரை மணி நேரம் ஆஃப் பண்ணி ஜன்னல திறந்து வைங்க, சென்னைல இருக்கிறவங்களுக்கு அதுவே பாதி வேலை. சார்ஜர உருவுங்க, பவர் பட்டன பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க, பின்னாடி மூடிய கழட்டுனதும் முதல்ல பேட்டரி கனெக்டர எடுங்க. ஜன்னல் கம்பில பெயிண்ட் போன இடமோ இரும்புக் குழாயோ இருந்தா தொட்டுட்டு வாங்க, அப்புறம் லேப்டாப் உள்ள இருக்கிற உலோக பாகத்த ஒரு கையால தொட்டுக்கிட்டே இன்னொரு கையால புது ரேம் கவர எடுங்க. ஓரத்துல பிடிங்க, மஞ்சள் பின்ன தொடாதீங்க. நடுவுல எந்திரிச்சு போன் எடுக்கப் போனா திரும்பி வந்ததும் மறுபடி தொடுங்க, இத தான் எல்லாரும் மறப்பாங்க.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தாரு, லேப்டாப் ஸ்லோவா இருக்கு, பையன் அமெரிக்கால இருந்து ரேம் வாங்கிக் குடுத்துட்டுப் போனான், போட்டுக் குடுங்க தம்பின்னாரு. ரேம் எங்க சார்னு கேட்டா சட்டைப் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு, ரீசார்ஜ் சீட்டு, பஸ் டிக்கெட் எல்லாம் தள்ளிட்டு கவர் எதுவும் இல்லாம எடுத்து நீட்டுறாரு. என்னையே இருபது வருஷம் வயசாக்கிப் பாத்த மாதிரி இருந்துச்சு. நான் பழக்க தோஷத்துல முதல்ல ரேம வாங்காம அவரு கைய பிடிச்சேன். அவரு ஒரு செகண்ட் திகைச்சுட்டு, வாயெல்லாம் சிரிப்பா ரெண்டு கையாலயும் என் கைய பிடிச்சு குலுக்கி "இந்தக் காலத்துல கடைல இவ்ளோ மரியாதையாடா தம்பி"ன்னாரு. நான் ஒண்ணும் விளக்கல. ரேம வாங்கி மேட் மேல வச்சு, மாட்டி, ராத்திரி பூரா ரேம டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட் சாஃப்ட்வேர ஓட விட்டேன். காலைல வந்து பாக்குறப்போ நாலாவது பாஸ் ஓடிட்டு இருந்துச்சு, எரர் பூஜ்யம். பில்லுல பின்பக்கம் "மூணு மாசத்துக்குள்ள தானா ரீஸ்டார்ட் ஆனா உடனே கொண்டு வரவும்"னு எழுதிக் குடுத்தேன்.